கை நிறையக் கயிறு

சாரணர் பிள்ளைகளுக்குக் கயிறுமுடிச்சுச் சின்னம் என்று ஒன்று உண்டு. முடிச்சுகளை ஒழுங்காகப் போட்டுக் காட்டினால் அதைச் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் வட்டாரத்தில் அதற்குச் சொல்லிக்கொடுக்கிறவர் என்றால் ரொம்ப வருஷமாக ஒரே ஆள்தான், மருந்துக்கடை தயாபரன். அதற்குச் சம்பளம் எதுவும் கிடையாது. முகாம் என்று சொன்னால் போதும், கடையைப் பூட்டிவிட்டு, கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்து முழிப்பார்கள். தயாபரன் கேட்பார்:

"போர்வீரன் இடது கையில என்ன வெச்சிருப்பான்?"

"கேடயம் சார்."

"அதைக் கீழ வெச்சாத்தானே அந்தக் கையைக் கொடுக்க முடியும்? உன்னை நம்புறேன்னு அர்த்தம்."

வருஷா வருஷம் சொல்வார். சலிக்கவே சலிக்காது.

போன வருஷம் வைரவன் வந்து சேர்ந்தார். தபால் ஆபீஸில் வேலை. அவரும் முடிச்சுச் சொல்லிக்கொடுக்க வந்த தொண்டர்தான். ஆனால் அவர் பாடம் எடுக்கிற விதமே வேறு. தன்னை மரத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்வார். "நான் அவிழ்த்துட்டு வந்துட்டா எல்லாரும் தோப்புக்கரணம்" என்பார். பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு கட்டுவார்கள். அவர் தோற்றுப்போய்க் கத்துவார். மைதானமே சிரிக்கும்.

அந்தப் பக்கம் தயாபரன் பலகையில் வரிசையாக மாதிரி முடிச்சுகளை ஆணியடித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பார். பலகைக்கு முன்னால் ஈ காக்கை இருக்காது.

தயாபரனுக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்வானேன்? கடையில் இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும் அந்தச் சிரிப்புச் சத்தம்தான் காதில் கேட்டது. வைரவன் என்ற பெயரைக்கூட அவர் வாயால் சொல்வதில்லை. ஒரு வருஷம் ஆன பிறகும் "புதுசா வந்தவர்" தான்.

இன்னொன்றும் நடந்தது. தோளில் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றுச் சுருள் எப்போதோ இடது கைக்கு வந்துவிட்டது. வைரவன் எதிரே வந்து கையை நீட்டினால், "கையில கயிறு" என்று சுருளைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

வைரவன் சிரிப்பார். "சாருக்கு எப்பவும் கை நிறைஞ்சே இருக்கு."

இந்தத் தடவை முகாம் சிறுமலை அடிவாரத்தில். சொல்லிக்கொடுத்தவரே சோதித்துப் பார்க்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் வைரவனிடம் கற்றுக்கொண்ட பிள்ளைகளைச் சோதிக்கிற வேலை தயாபரனிடம் வந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பாஸ் போட்டார். கடைசியாக அகல்யா வந்தாள். அடுத்த முகாமுக்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும். சின்னம் வாங்குவதென்றால் இப்போதுதான்.

போலைன் முடிச்சு போடச் சொன்னார். பள்ளத்தில் விழுந்தவரைத் தூக்கப் போடுகிற முடிச்சு அது. வளையம் இறுகாது, நழுவாது. அகல்யா நீளக் கயிற்றை எடுத்து, சட்டென்று போட்டு நீட்டினாள்.

தயாபரன் முகம் மலர்ந்தது.

"என்னம்மா இது, கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு?"

"எனக்கு இடது கைப் பழக்கம் சார்."

"பலகையில எப்படி இருக்கு, பாரு."

"எப்படித் திருப்பிப் போட்டாலும் தாங்கும்னு வைரவன் சார் சொன்னாங்க."

அந்தப் பெயரை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்.

"முறை தப்பு. பாஸ் கிடையாது."

"இழுத்துப் பாருங்க சார். அவிழாது."

"போம்மா. அடுத்த ஆள் வரட்டும்."

அடுத்த ஆள் யாரும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே கயிற்றோடு எடுத்து வைத்துக்கொண்டார் தயாபரன். யாராவது கேட்டால் காட்டலாமே. கொஞ்ச நேரம் மனசுக்கு ஜில்லென்று இருந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். பாதியில் எழுந்து சகாயமேரி டீச்சரைத் தேடிப் போனார்.

டீச்சர்தான் மாவட்டத்தில் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். தயாபரன் கையில் முதல் கயிற்றைக் கொடுத்ததும் அவர்தான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் தயாபரனுக்கு அவர் குருதான்.

டீச்சர் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பிள்ளைங்கல்லாம் ஏன் அவர்கிட்டயே ஓடுறாங்க?"

"யார்கிட்ட?"

"அதான், புதுசா வந்தவர்கிட்ட."

டீச்சர் இன்னொரு முளையை எடுத்தார்.

"நான் என்ன குறை வெச்சேன் டீச்சர்? கடையைப் பூட்டிட்டு வர்றேன். எல்லாத்தையும் முறையாச் சொல்லித் தர்றேன். அவர் மரத்துல கட்டிக்கிட்டுக் கத்துறாரு, அங்க போய் விழுறாங்க. எனக்குப் பொறாமையா இருக்கு. சொல்லவே வெக்கமா இருக்கு. ஆனா இருக்கு."

டீச்சர் நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தார்.

"அது என்ன முடிச்சு?"

"அகல்யா போட்டது. திருப்பிப் போட்டிருக்கா. ஃபெயில் பண்ணிட்டேன்."

"ஆள் தாங்குமா?"

என்னதான் வயிற்றெரிச்சல் இருந்தாலும் முடிச்சு விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"தாங்கும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"உங்களைத் தாங்குமா?"

தயாபரன் முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"வாங்க" என்று டீச்சர் நடந்தார்.

மைதானத்தின் ஓரத்தில் வறண்ட ஓடை. கரையிலிருந்து மணல் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அகல்யா போட்ட வளையத்தை டீச்சர் வாங்கி, தயாபரனின் தலைவழியாக மாட்டி, அக்குளுக்குக் கீழே இறக்கினார். கயிற்றைப் புங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மறுமுனையை நீங்க பிடிச்சுக்குவீங்களா டீச்சர்?"

"எனக்குத் தோள்வலி. வைரவன்! கொஞ்சம் வாங்க."

தயாபரன் முகம் சுண்டிப்போயிற்று.

"வேற ஆளே இல்லையா?"

"இருக்காங்க" என்றார் டீச்சர். வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை.

வைரவன் ஓடிவந்தார். எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் காலை ஊன்றி நின்றார். தயாபரன் கரை விளிம்பில் திரும்பி, கல்லில் கால் வைத்து இறங்கினார். பாதியில் கல் பெயர்ந்தது. கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின.

"வைரவா! விட்டுடாதப்பா!"

முகாம் முழுக்கக் கேட்டது.

"பிடிச்சிருக்கேன் சார்! பயப்படாதீங்க!"

தயாபரன் தொங்கினார். நெஞ்சுக்கு நேரே அந்த முடிச்சு இருந்தது. வளையம் இறுகவில்லை, இம்மியும் நழுவவில்லை. அது வலப்பக்கம் திரும்பியிருக்கிறதா, இடப்பக்கமா என்று பார்க்க அவருக்கு அப்போது தோன்றவில்லை.

தயாபரன் கரையில் காலை ஊன்ற, வைரவன் மெல்ல மேலே இழுத்தார். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டார்கள். அகல்யாவும் நின்றாள். தயாபரன் மூச்சு வாங்க எழுந்து அவளிடம் போனார்.

"பாஸ்மா. தப்பு என்னோடது."

"அவிழலையா சார்?"

"அவிழல."

அவள் திரும்பி வைரவனைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாப் பிள்ளைகளும் அவரைத்தான் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். வைரவனின் உள்ளங்கை சிவந்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. அதைத் தயாபரனும் பார்த்தார். பார்த்தபிறகும் உள்ளே ஒரு மூலையில் எரிந்தது. இதிலும் இவர்தானா?

வளையத்தைக் கழற்றினார். கை தன்பாட்டுக்குக் கயிற்றைச் சுருட்டியது. சுருட்டி முடித்த கயிறு இடது கையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வைரவன் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். இடது கையை நீட்டினார். தயாபரன் கையில் கயிற்றைப் பார்த்ததும் நீட்டிய கை தயங்கியது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

தயாபரன் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலையே."

டீச்சர் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினார்.

"அந்தக் கயித்தை இப்படிக் கொடுங்க" என்றார். "கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறேன்."