வெடிச்சாமி சொன்ன கடைசி வார்த்தை

சேதுவுக்குப் போகிற சாலையில் ஒரு மடம் இருந்தது. காசியிலிருந்து வருகிறவன், தெலுங்கு தேசத்திலிருந்து வருகிறவன் என்று எல்லா ஊர்க்காரனும் அங்கே வந்து படுப்பான், விடிந்ததும் எழுந்து போவான். சில பேர் போகாமல் தங்கிச் சீடர்களாகிவிடுவார்கள். அதனால் மடத்தில் நாலு பாஷை புழங்கியது. நாலிலும் சண்டை நடந்தது.

மடத்துச் சாமிக்குப் பீடத்தில் ஏறும்போது வைத்த பெயர் ஏதோ நீளமாக இருந்தது. ஊரார் கூப்பிட்டது வெடிச்சாமி என்று. சாதம் குழைந்தாலும் திட்டுவார், குழையாவிட்டாலும் திட்டுவார். திட்டி முடித்த கையோடு மூன்று விரலால் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிடுவார். அந்த விரல்களுக்காகத்தான் சனங்கள் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

அப்பேர்ப்பட்ட வெடிச்சாமி காய்ச்சலில் விழுந்தார். நாக்கு வறண்டு பேச்சே நின்றுபோயிற்று. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி சாகும்போது கடைசியாகச் சொல்கிற வார்த்தைதான் அடுத்த சாமிக்கு உபதேசம். அதைக் காதால் கேட்டு, சரியான பொருள் சொல்கிறவனுக்குப் பீடம். எந்தப் புண்ணியவான் இந்தக் கிறுக்கு வழக்கத்தைக் கொண்டுவந்தானோ, அவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்கலாம்.

பீடம் தனக்குத்தான் என்று மயிலேறும் புலவர் முடிவு செய்து வெகுகாலம் ஆகிவிட்டது. மதுரையில் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு சௌக்கியமாக இருந்த மனிதர். அதை விட்டுவிட்டு இங்கே வந்து, தன்னைவிட வயதில் சின்னவரான சாமியிடம் ஏச்சு வாங்கியே தலை நரைத்துப்போனார். இத்தனைக்கும் ஒரு பலன் வேண்டாமா? நேற்று வந்தவனெல்லாம் பீடத்தில் ஏறி உட்கார்ந்தால் இவர் எந்த முகத்தோடு மதுரைக்குத் திரும்பிப் போவார்?

உச்சிவெயில் நேரம். சீடர்கள் சாமியின் பாயைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாமியின் உதடு லேசாக அசைந்ததைப் புலவர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், எல்லோரையும் முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு போய்ப் பாயோரத்தில் மண்டியிட்டு, சாமியின் வாயருகே காதைக் கொண்டுபோனார்.

வலது முழங்காலுக்கு அடியில், போர்வைக்குள் ஏதோ கரடுமுரடாக உறுத்தியது. உருத்திராட்ச மாலை சுருண்டு கிடக்கும் என்று நினைத்தார். கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம்தான். நகர்ந்தால் அந்த இடத்தில் வெங்கையா வந்து உட்கார்ந்துவிடுவான். புலவர் நகரவில்லை.

"மா" என்றார் சாமி.

எல்லோருக்கும் கேட்டது.

"கேட்டீர்களா!" புலவர் கூவினார். "மா என்றால் பெரிது. பெருமை. இங்கே பெரியவன் யார், மூத்தவன் யார் என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை."

"தமிழில் மா என்றால் மிருகம் என்றும் உண்டே, புலவரே. அதையும் சொல்லுங்கள்" என்றான் வெங்கையா. நெல்லூர்க்காரன். வாயாடி.

"டேய்!"

"கோபம் எதுக்கு? சாமி பேசினது தெலுங்கு. மா என்றால் எங்கள். எங்கள் மடம் என்று சொல்ல வந்தார். தெலுங்கில் அப்படிச் சொன்னால் எதிரே நிற்கிறவன் அதில் சேர்த்தியில்லை. தெரியுமா உங்களுக்கு?"

"தமிழ்ச்சாமி எதுக்குடா தெலுங்கில் சாகணும்?"

காசியிலிருந்து வந்த கிரிதாரி இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "மா என்றால் அம்மா. சின்னக் குழந்தைக்குத் தெரியும். மடத்து அம்மனுக்கு தினம் விளக்குப் போடுகிறது யார்? நான். வேற என்ன வேணும்?"

"எல்லோரும் கொஞ்சம் வாயை மூடுங்கோ." நரஹரி சாஸ்திரி மூலையிலிருந்து எழுந்தார். "சமஸ்கிருதத்திலே மா என்றால் கூடாது என்று அர்த்தம். உங்க ஒருத்தருக்கும் பீடம் கூடாது என்கிறார்."

"அப்போ யாருக்காம்?"

"இது புரிஞ்சவனுக்கு."

"அடடா! எவ்வளவு லாவகமாக வந்து நிற்கிறது பாரும் உம்ம அர்த்தம்!" புலவர் கத்தினார்.

வாசலில் குதிரை வியாபாரி மஸ்தான் ராவுத்தர் நின்றுகொண்டிருந்தார். சாமியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். கப்பலில் ஏறி எங்கெங்கோ போனவர் என்பதால் அவராலும் சும்மா இருக்க முடியவில்லை.

"அரபு நாட்டில் தண்ணீரை மா என்பார்கள். சீனத்துக்காரர் குதிரையையும் மா என்கிறார்கள், கொஞ்சம் ராகம் போட்டு. சாமி என்னிடம் முன்னமே ஒரு குதிரை கேட்டிருந்தார். மட்டக்குதிரை, நல்ல சாது. அதைத்தான் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது."

"சாகிறவருக்குக் குதிரை எதுக்கய்யா?"

"தண்ணீராகவும் இருக்கலாம்" என்றார் ராவுத்தர் சந்தேகமாக. "ஆனால் இவ்வளவு பெரிய மகான், போயும் போயும் தண்ணீரா கேட்பார்?"

கேட்கமாட்டார் என்பதில் மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே கருத்து.

"மாஆ..." என்றார் சாமி மறுபடியும்.

"பார்த்தீர்களா, நெடிலை நீட்டுகிறார்!" புலவர் துள்ளினார். துள்ளிய வேகத்தில் முழங்கால் இன்னும் நன்றாகப் பதிந்தது. "பெரிது, மிகப் பெரிது என்று அழுத்திச் சொல்கிறார்!"

"அம்மாவைக் கூப்பிடுகிறவன்தான் நீட்டிக் கூப்பிடுவான்!"

"தள்ளும்யா அந்தப் பக்கம்! உம்ம காதுக்கு மட்டும்தான் பீடமா? நானும் கிட்டே வந்து கேட்கிறேன்!" வெங்கையா புலவரின் தோளைப் பிடித்து இழுத்தான்.

புலவருக்கு ரத்தம் தலைக்கேறியது. எத்தனை காலப் பொறுமை! இந்த வாயாடி தோளில் கைவைப்பதற்கா? "தொடாதே! கையை எடு! நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன், பிணமாகத்தான் தூக்கணும்!" உடம்பின் மொத்த பாரத்தையும் வலது முழங்காலில் இறக்கி அடித்துவைத்த முளை மாதிரி ஊன்றிக்கொண்டார். கிரிதாரி வெங்கையாவைப் பிடித்து இழுத்தான். சாஸ்திரி யார் காலிலோ இடறி, தலைமாட்டில் இருந்த தண்ணீர்ச் செம்பை உருட்டிவிட்டார். அதை நிமிர்த்தி வைக்கக்கூட ஒரு கை வரவில்லை. எல்லாக் கையும் எவன் துண்டையோ பிடித்துக்கொண்டிருந்தது.

"மா! மா..!"

சாமியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் புலவர் மூச்சிரைக்க. அவருக்கும் கண் கலங்கியது. "சாமி! இந்தப் படுபாவிகள் நம்பமாட்டேன் என்கிறார்கள். எந்தப் பாஷை, என்ன பொருள், நீங்களே சொல்லிவிடுங்கள். கடைசியாக ஒரே தடவை. என் காதில் சொல்லுங்கள்."

குனிந்தார்.

சாமியின் இடது கை போர்வையை விலக்கிக்கொண்டு மேலே வந்தது. ஆசீர்வாதம் பண்ணப்போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அந்தக் கை புலவரின் குடுமியைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தது.

"எவன் முழங்கால்டா அது?"

பழைய வெடி இல்லை. உடைந்த குரல்தான். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது.

புலவர் எகிறி விலகினார். வெங்கையா போர்வையைத் தூக்கினான். அடியில் மாலை ஒன்றும் இல்லை. சாமியின் வலது கை இருந்தது. திருநீறு பூசுகிற மூன்று விரலும் நசுங்கி, கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தன. நடுவிரலின் நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது.

ராவுத்தர் செருப்பைக்கூட மாட்டாமல் கிணற்றடிக்கு ஓடினார். கிரிதாரி செம்பை நிமிர்த்தினான். அது காலியாக இருந்தது.

தண்ணீர் வந்தது. சாமி செம்பை வாயிலிருந்து எடுக்காமல் குடித்தார். குடிக்கக் குடிக்க அவர் முகத்தில் பழைய கடுகடுப்பு திரும்பியது. இந்த மனிதர் இன்றைக்குச் சாகப்போவதில்லை என்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. வைத்தியர் பிதுக்கிய உதடு வீண்.

புலவர் அந்த விரல்களை மடியில் ஏந்தி, ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். கோபம் இன்னும் அடங்கவில்லை. யார்மேல் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. வெங்கையாமேல் போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. தன்மேல் போட்டுக்கொள்ளவோ மனசு வரவில்லை. கடைசியில் சாமிமேலேயே திரும்பியது.

"ஏன் சாமி, இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டு கிடந்தீர்களே! காலை எடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

சாமி அவரையே பார்த்தார். பிறகு, சுற்றி நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"சொன்னேனேடா, பாவி. வலி பொறுக்காமல் அம்மா, அம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நீங்கள்தான் அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தீர்கள்."