பதினோராம் படி

“அந்தப் பொம்பளைக்கு என்ன திமிரு டீச்சர்!” என்றபடிதான் வேலாயுதம் உள்ளே வந்தார்.

நாகர்கோவிலில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், கட்டற்ற மென்பொருள்காரர்கள் கூடும் அறை அது. வேலாயுதம் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர், ஐம்பத்தொரு வயது. ஜெபராணிக்கு முப்பத்துநாலு. ஆனாலும், எழுதிய மென்பொருளைப் பிறர் கணினியில் ஓடவைக்கும் வித்தையில் அவள்தான் அங்கே எல்லாருக்கும் டீச்சர்.

“யாரு சார்?”

“மலையோர ஆஸ்பத்திரியில லேப் டெக்னீஷியன். ஸ்டெல்லான்னு பேரு. ரத்தப் படத்துல மலேரியாக் கிருமியை எண்ணுகதுக்கு நான் புரோகிராம் எழுதினேன்லா? அது வேணுமாம். ஆனா டபுள் கிளிக் பண்ணினா ஏறணுமாம். இன்ஸ்டாலர் கேக்கா! நாலாவது மெயிலு இது.”

“இப்ப எப்படி எண்ணுகா?”

“கண்ணாலதான். காய்ச்சக்காரங்க வரிசையில காத்துக் கிடக்காங்களாம். அதுக்கு நான் என்ன செய்ய? ஓசியில கொடுத்தேன். சோர்ஸ் கோடையும் திறந்து வச்சேன். ஏத்துகதுக்குப் பதினேழு படி, விளக்கமா எழுதியிருக்கேன். வாசிச்சா என்ன? தானமாக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கா!”

இலவசமாகக் கொடுத்தவனுக்கு ஏசவும் உரிமை உண்டு என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ, தெரியவில்லை.

ஜெபராணி எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. பயன்படுத்துகிறவரைத் திட்டிக்கொண்டு வருகிறவர், தன் மென்பொருளை ஒரு வெறும் கணினியில் தானே ஏற்ற வேண்டும். தான் எழுதிவைத்ததை மட்டும் பார்த்து ஏற்ற வேண்டும்.

“பத்து நிமிச வேலை,” என்றார் வேலாயுதம்.

மூன்றாம் படியிலேயே இடித்தது. அவர் விரல் தன்னால் ஒரு கட்டளையைத் தட்டப் போனது. ஜெபராணி கையை நீட்டி மறித்தாள்.

“இது எந்தப் படியில இருக்கு சார்?”

“இது எல்லாருக்கும் தெரியும் டீச்சர்.”

“எழுதலையே.”

யாரோ வேற்றாளைப் போல இணையத்தில் துழாவித் துழாவி அதைத் தாண்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏழாம் படி இன்னும் மோசம். டீ வந்தது, ஆறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பதினோராம் படியில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

வேலாயுதம் மேசையில் ஓங்கி அறைந்தார். “எந்த மடையன் எழுதினான் இதை?”

“பேரு அதுலயே இருக்கு சார். வாசிங்க.”

வாசித்தார். ‘வேலாயுதம்’ என்ற ஃபோல்டர் இந்தக் கணினியில் இல்லை என்று இருந்தது. தன் வீட்டுக் கணினியில் கோப்பு கிடக்கிற இடத்தையே, தன் பெயரோடு, ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரு படியாக எழுதிக் கொடுத்திருந்தார்.

அவமானத்தில் காது சுட்டது. போனை எடுத்து ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்.

“நான் வேலாயுதம் பேசுகேம்மா. அந்த இன்ஸ்டாலர்...”

அவள் முடிக்க விடவில்லை.

“கோவிச்சுக்கிடாதீங்க சார். நான்தான் எங்கேயோ தப்பாச் செய்யுகேன். இன்னொரு தடவை முதல்ல இருந்து செய்து பாக்கேன்.”