ராஜாவுக்குப் பால் கஞ்சி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் பூவத்தூர்ச் சீமையை மகரகேது என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் காதுபட யாராவது 'வயசு' என்று சொல்லிவிட்டால் போதும், முகம் சிவந்துவிடும்.

அவருடைய அறுபதாவது பிறந்தநாள். எல்லோரும் மாலையும் வாழ்த்துமாக வர, மந்திரி நல்லாதன் மட்டும் ஓர் ஓலையை நீட்டினார்.

"என்ன இது, வாழ்த்துப்பாவா?"

"கேள்விகள், மகாராஜா. தாங்கள் படுத்துவிட்டால் எந்த வைத்தியர் வரவேண்டும்? எதுவரை மருந்து, எப்போது போதும்? என்ன ஆகாரம்? வாய் பேச முடியாமல் போனால் தங்களுக்காகப் பேசுவது யார்? இப்போதே சொல்லிவைத்தால்..."

சபை வெலவெலத்துப் போனது. மந்திரி ஆசனத்தின்மேல் பத்து வருஷமாய்க் கண் வைத்திருந்த ஏகாம்பர ராயர் துள்ளி எழுந்தார்.

"நல்ல நாளும் அதுவுமாய்ப் பாடைக்கு அளவெடுக்கிறார்! இதையெல்லாம் கேட்பானேன்? முப்பது வருஷமாய் நிழலாய் நிற்கிறேன். பிரபுவின் மனசு எனக்குத் தெரியாதா?"

ராஜாவுக்கும் சுருக்கென்றது. "நல்லாதரே, இந்த ஓலை அவசியம்தான் என்று நிரூபியும். இல்லாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடும்."

மந்திரி அசரவில்லை. "நாளைக்கு ஒரே ஒரு பகல், வாய் திறக்காமல், கை காட்டாமல் படுத்திருங்கள், மகாராஜா. ராயரே பார்த்துக்கொள்ளட்டும். அந்திவரை தாங்கினால் நான் மூட்டையைக் கட்டுகிறேன்."

"சும்மா படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே?" மறுநாள் காலை சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார் ராஜா.

ராயரின் அன்பு ஆரம்பமானது. காற்று ஆகாதென்று ஜன்னல்களைச் சாத்தினார். கொளுத்துகிற சித்திரையில் கழுத்துவரை கம்பளி. வைத்தியர் ஒரு கஷாயம் சொன்னால் இவர் மூன்று ஊற்றினார். ராஜாவின் தலைக்கு மேலேயே, "பாவம், எப்படி இருந்த மனுஷர்!" என்று பேச்சு வேறு. காதும் போய்விட்டது என்று யார் சொன்னார்களோ! ராஜாவின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. ராயர் கையில் விசிறி இருந்தது, விசிறிக்கொண்டதோ தம்மை.

உச்சிவேளையில் தங்கக் கிண்ணத்தில் பால் கஞ்சி வந்தது. கற்கண்டும் குங்குமப்பூவுமாய். ராஜாவுக்கு இனிப்பென்றாலே குமட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தித்திப்புப் போதவில்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் கற்கண்டு போடு!" என்றார் ராயர்.

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே அறை. இதே வார்த்தை. அன்றைக்குச் சொன்னது ராஜாவேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அம்மா பேச்சிழந்து கிடந்தபோது, இதே கிண்ணத்தில் ஆசை ஆசையாய் ஊட்டினார். அவள் முகத்தைத் திருப்ப, அவர் கற்கண்டு சேர்க்கச் சொன்னார்.

நடமாடிய நாளில் எப்படி இருந்தவள்! கிழக்கு ஜன்னலை விரியத் திறந்துவைத்து, மண்சட்டியில் மோர்க்கஞ்சி குடித்தபடி, உப்பு நாரத்தங்காயை நறுக்கென்று கடித்து, மாமரத்துக் கிளிகளைத் திட்டுவாள். "அரண்மனையில் மண்சட்டியா அம்மா?" என்றால், "உன் தங்கத்துக்கு ருசி தெரியுமாடா?" என்பாள்.

ராஜாவின் கன்னத்தில் நீர் வழிந்தது.

"பாருங்கள், ஆனந்தக் கண்ணீர்!" என்றார் ராயர்.

"கஞ்சியைத் தூக்கு! ஜன்னலைத் திற!" கம்பளியை உதறி எழுந்தார் ராஜா. "முப்பது வருஷம் நிழலாய் நின்றவரே, எனக்கு இனிப்பு ஆகாதென்று தெரியாதா?"

"பிரபு... தாங்கள் சொல்லவே இல்லையே..."

"நீர் கேட்கவே இல்லையே!"

ராயருக்குத் தண்டனை, ஊரில் மூத்தவர்கள் இருக்கும் வீடு வீடாகப் போய் அவர்கள் விருப்பத்தை எழுதிவருவது. குறுக்கே ஒரு வார்த்தை பேசக்கூடாது. சிறையே மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். நல்லாதனுக்கு முத்துமாலை. "என் வாய் நின்றுபோனால் நீர்தான் எனக்கு வாய்," என்றார் ராஜா.

மந்திரி மாலையை ஓரமாய் வைத்துவிட்டு எழுத்தாணியை எடுத்தார். "ஆரம்பிக்கலாமா, மகாராஜா?"

ராஜா கிழக்கு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மண்சட்டியில் மோர்க்கஞ்சி. தொட்டுக்கொள்ள உப்பு நாரத்தங்காய். கிளிகளை யாரும் விரட்டக்கூடாது, திட்டுவதற்கு வேண்டும்."

"தங்களுக்கு நாரத்தங்காய் பிடிக்குமா?"

"இது அம்மாவுடையது. என்னுடையதை நாளைக்கு எழுதலாம்."