வலப்பக்கத்து அட்டை

சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கதை விளையாட்டு நடத்தச் சொல்லிக்கொடுத்த பூங்கோதைக்கோ முப்பத்தொன்று. வயதைப் பார்த்தா குரு அமைகிறார்?

அந்த ஞாயிறு மதியம் அவருக்குப் பரீட்சை. பூங்கோதை ஓசூருக்குக் குடிபோகிறாள். ஆட்டத்தை ஒழுங்காக நடத்திக் காட்டினால் இனி அந்த மேஜை அவருடையது. சொதப்பினால் வேறு ஆள்.

மேஜையில் சதுர அட்டைகள். ஒன்றில் சந்து, ஒன்றில் படிக்கட்டு, ஒன்றில் அறை. ஆடுகிறவர் போகும் திசையைச் சொன்னால், நடத்துகிறவர் அங்கே அடுத்த அட்டையை வைத்துப் பாதையை வளர்க்க வேண்டும். ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரமாக ஆடுவார்கள்; ஆபத்து வந்தால் அது பிழைப்பதையும் சாவதையும் பகடை முடிவு செய்யும். ஆட்டம் அவ்வளவுதான்.

ஆட வந்த நால்வரில் ஒருத்தி நர்மதா; ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு வருஷமாக ஒரே வேட்டைக்காரியாக ஆடி வருகிறாள். அந்த வேட்டைக்காரிக்கு இப்போது உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவே. சந்து இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் காது வைத்துக் கேட்பதாகச் சொன்னாள். மண்ணில் தடம் தேடுவதாகச் சொன்னாள். கால் மணி நேரம் போயிற்று.

"இடது பக்கம் போறேனுங்க."

சென்னியப்பன் ஓநாய்க் குகை அட்டையை வைத்தார். பதினோரு நாள் குந்தி வரைந்தது. பகடை உருண்டது. வேட்டைக்காரி செத்தாள்.

நர்மதா அழவில்லை. "வலது பக்கம் என்னங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"அதைச் சொல்லக் கூடாது, கண்ணு."

மற்றவர்கள் டீ குடிக்கக் கிளம்பினார்கள். நர்மதா நகரவில்லை. அதுவரை ஓரமாய் நின்று ஆட்டத்தைப் பார்த்திருந்த பூங்கோதையைச் சென்னியப்பன் மாடிப்படிக்கு வந்து பிடித்தார்.

"மறைக்காம சொல்றேனுங்க அம்மணி. வலதுன்னு சொல்லியிருந்தாலும் அந்தக் குகையைத்தான் வெச்சிருப்பேன். அந்த எடத்துக்கு எங்கிட்ட வேற அட்டையே இல்லை. ஆனா அந்தப் புள்ளைக்கு அது தெரியப் போறதில்லை. இதுல என்னங்க தப்பு?"

பூங்கோதை பைக்குள்ளிருந்து ஆட்டம் நடக்கும் அறையின் சாவியை எடுத்தாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இரண்டையும் மூடி முன்னால் நீட்டினாள்.

"எந்தக் கைன்னு சொல்லுங்க அண்ணா. சாவி வந்தா மேஜை உங்களுது. வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"விளையாடறீங்களா?"

"இல்லீங்க."

அளந்தே பிழைத்த மனுஷன். எந்த விரல் இறுகியிருக்கிறது, எந்தப் புறங்கை புடைத்திருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்தார். அவள் முகம் பிடி கொடுக்கவில்லை. இந்த மேஜையும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவருக்குப் பயமாகவே இருந்தது.

"இந்தக் கை."

திறந்தாள். காலி.

மற்ற கையை அவள் மூடியபடியே பைக்குள் விடப் போனாள்.

"நில்லுங்க அம்மணி. அதையும் திறந்து காட்டுங்க."

"எதுக்குங்க?"

"எத்தனை யோசிச்சுச் சொன்னேன்! அதுல சாவி இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

பூங்கோதை கையைத் திறக்கவில்லை.

"உள்ளே நர்மதா இன்னும் எந்திரிக்கலீங்க அண்ணா. மொதல்ல அவங்களுக்கு வலது பக்கத்தைக் காட்டிட்டு வாங்க."