ஆனால் வரியும் பொன் தாழ்ப்பாளும்

கிர்ர்ர்… ணங்.

ஊர் அடங்கியதும் அந்தச் சத்தம் கேட்கும். முன்னொரு காலத்தில் வெண்பரப்பு நாட்டை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டார். அவருடைய அரண்மனையில், ராணி நங்கைக்கொடி கைக்குழந்தையோடு படுத்திருக்கும் அறைப்பக்கம்தான் சத்தம் வரும். ராணிக்குச் சின்ன வயது, தலைப்பிள்ளை வேறு. பிள்ளையை இறுக்கிக்கொண்டு தலையோடு போர்த்திக்கொள்வாள். தாதிகள் தீவட்டியோடு கதவைத் திறந்து ஓடிவந்தால் சத்தம் நின்றுவிடும். அவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் மறுபடி, கிர்ர்ர்… ணங்.

மாறவேள் ராஜாவுக்கு எதையும் போட்டி வைத்துத் தீர்மானித்தால்தான் திருப்தி. சமையற்காரனுக்குப் போட்டி, பட்டத்து யானைக்குப் போட்டி. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில், அந்த அறைக் கதவுக்குத் தட்டார்கள் செய்துவந்த பொன் தாழ்ப்பாள்களைச் சபையில் வரிசையாக வைத்து, இருப்பதிலேயே அழகானதைப் பொறுக்கி எடுத்தவர் அவர். அது தாதிகள் கைக்குச் சரியாக விழவே இல்லை. ராஜா ஆசையாகப் போட்டதைக் குறை சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? கதவை வெறுமனே சாத்தி வைத்தார்கள். ராணியும் வாய் திறக்கவில்லை.

சத்தத்துக்கும் போட்டி அறிவித்தார் ராஜா. காரணம் சொல்ல இரண்டே பேர் முன்வந்தார்கள். திருடன் என்றார் தளபதி. பூதம் என்றார் அரண்மனைச் சோதிடர் திருமேனியார். பிள்ளையின் நட்சத்திரத்தைத் தேடி வருகிறதாம். பால்பல் விழுந்து முளைக்கும்வரை பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து மலைக்கோட்டைக்கு அனுப்ப வேண்டுமாம்.

"பூதம் தினமும் வரும்" என்றார் சோதிடர். "ஆனால் வெள்ளிக்கிழமை வராது. ஆனால் மேல்காற்று அடித்தால் வெள்ளியும் வரும். ஆனால் ராணியார் தலைமுழுகிய நாளில்…"

மந்திரி குறுங்கண்ணர் இருமினார். கதையை இப்படி இழுத்துக்கொண்டே போனால் எந்த ராத்திரிக்கும் அது பொருந்திவிடும், அதற்கொரு வரி போட வேண்டும் என்றார். இதுவரை போன ராத்திரிகளில் கதை பொருந்திய ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்து கொடுப்பது, ஒவ்வொரு 'ஆனாலு'க்கும் ஒரு முத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ராஜாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

தளபதிக்கு 'ஆனால்' ஒன்றுகூட இல்லை, முத்தும் அதிகமில்லை. சோதிடரோ வரியெல்லாம் கட்டிய பிறகும் கை நிறைய முத்து வைத்திருந்தார். மந்திரிமேல் அவருக்கு வெகுநாள் பொறாமை. "வரி கட்டியாயிற்று, மந்திரியாரே. உம்முடைய கண்ணுக்கு இவ்வளவு பெரிய குவியலாவது தெரிகிறதா?" என்றார்.

ராஜா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பூதம்தான் ஜெயித்தது. விடிந்தால் பல்லக்கு.

திரைக்குப் பின்னால் ராணிக்குப் பால் சுரந்து மார்புச் சேலை நனைந்தது. அவள் அழவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரையை விலக்கி நடுச்சபைக்கு வந்து நின்றாள். மந்திரியைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மந்திரி கை நீட்டிப் பிள்ளையை வாங்கினார். "மகாராஜா, இன்னும் ஒரே ஒரு போட்டி. இளவரசர் தலைக்கு எது மேல்? தளபதியின் இரும்புத் தொப்பியா, சோதிடரின் தலைப்பாகையா?"

இரும்பு நசுக்கிவிடும், தலைப்பாகைதான் என்றார் ராஜா.

"அப்படியே வைத்துவிடுவோம்."

வைத்தார். தலைப்பாகை பிள்ளையை அப்படியே விழுங்கிவிட்டது. கால்விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளேயிருந்து ஒரு தும்மல். சபையே சிரித்தது, ராஜாவும் சிரித்தார்.

"இரண்டில் மேலானது சோதிடருடையதுதான். ஆனால்…" என்ற மந்திரி, தன் கடுக்கனிலிருந்து ஒரு முத்தைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "பிள்ளைக்குப் பொருந்தியதா? நான் போட்ட வரி, வந்த இரண்டில் எது மேல் என்று மட்டும்தான் சொல்லும். இரண்டுமே தப்பாக இருந்தால் அதற்கு வாயில்லை."

"பொருந்துகிறதா என்று யாரிடம் கேட்பது?" என்றார் ராஜா.

"சத்தத்திடமே கேட்போம். இன்று ராத்திரி என்ன நடக்கும் என்று சோதிடர் இப்போதே சொல்லட்டும்."

அன்று வெள்ளிக்கிழமை. மேல்காற்றும் இல்லை. பூதம் வராது என்று மார்தட்டினார் சோதிடர். தீவட்டி இல்லாமல் ராஜா, மந்திரி, சோதிடர் மூவரும் ராணியின் கதவுக்கு வெளியே உட்கார்ந்தார்கள்.

கிர்ர்ர்… ணங்.

"ஆனால்…" என்று தொடங்கினார் சோதிடர்.

"வரி" என்று கை நீட்டினார் மந்திரி.

உள்ளே ராணிக்குச் சிரிப்பு வரவில்லை. பூதம் தோற்றதே தவிர, சத்தம் போகவில்லையே. நாளைக்கு இன்னொருவர் இன்னொரு காரணத்தோடு வருவார், பல்லக்கும் கூடவே வரும். அந்த நினைப்பு சத்தத்தைவிடப் பயங்கரமாக இருந்தது. போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு, இருட்டில் ஒரு கையை நீட்டியபடி, சத்தம் வந்த திசைக்கே நடந்தாள். விரலில் சில்லென்று ஏதோ பட்டது.

பொன் தாழ்ப்பாள்.

நிலையிலிருந்த துளையைவிட அது பருமன். முனை மட்டும் துளையின் வாயில் தொற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் காற்று கதவைத் தொட்டதும் அது கிர்ரென்று உரசி எழும்பி, ணங்கென்று விழுந்தது. கதவைத் திறந்தால் உரச ஒன்றுமில்லை. அதனால்தான் தீவட்டிகளுக்கு அது அகப்படவில்லை.

"ராஜா" என்று கதவோடு வாய் வைத்துக் கூப்பிட்டாள். "இந்தத் தாழ்ப்பாளை எதோடு வைத்துப் பார்த்து எடுத்தீர்கள்?"

"மற்றத் தாழ்ப்பாள்களோடு."

"இந்தக் கதவோடு?"



மறுநாள் சபையில் ராஜா எழுந்து நின்று, தப்பு தன்னுடையது என்றார். சோதிடரின் முத்தெல்லாம் மந்திரிக்குப் போயிற்று. சோதிடர் இனிமேல் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் காரணம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. பொன் தாழ்ப்பாளை உருக்கினார்கள். முதலில் பிள்ளையின் இடுப்பை அளந்துகொண்டு, பிறகு அரைஞாண் செய்தார்கள். துளையை அளந்து சாதாரண இரும்பில் ஒரு தாழ்ப்பாள் வந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் ராஜா வந்து வாசலில் நின்றார்.

"நங்கை, எனக்கும் உள்ளே இடம் உண்டா?"

அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. அவள் கதவைச் சாத்தி, இரண்டு விரலால் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

டக்.