ஆற்றின் இரு கரையிலும் குடியிருந்தவன்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டின் நடுவே அகலமான ஆறு ஓடியது. கிழக்கே ஒரு சீமை, மேற்கே ஒரு சீமை. இரண்டுக்கும் அரசர் ஒருவரே. வரிச்சாவடி மட்டும் தனித்தனி. அரண்மனை மேலைக்கரையில் இருந்தது.

ஓர் ஐப்பசியில் அரசர் திருவிழாப் பார்க்கக் கீழைக்கரைக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டது. வெள்ளத்தில் ஓடம் விட வழியில்லாமல் அன்றிரவு அங்கேயே தங்க நேர்ந்தது. பொழுது போகாத அரசருக்காகச் சந்தைகளில் விகடம் சொல்லிப் பிழைக்கும் வெண்காடனை அழைத்து வந்தார்கள். அரசர் விடியும்வரை சிரித்தார்.

"இனி நீ இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. கார்த்திகை முதல் நாள் மேலைக்கரைக்குக் குடிவந்துவிடு" என்று உத்தரவிட்டார்.

வெண்காடனும் மனைவி உலகம்மையும் சட்டிபானைகளோடு ஆற்றைக் கடந்தார்கள். சித்திரையிலிருந்து ஐப்பசிவரை ஏழு மாதம் அங்கே; கார்த்திகையிலிருந்து பங்குனிவரை ஐந்து மாதம் இங்கே. அந்த ஆண்டு அவனுக்கு அப்படிப் பிளந்துகிடந்தது.

வரி அமைச்சர் விடங்கருக்கு அவன் வந்தது பிடிக்கவில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டுக்குப் பின் அரசர் அவரிடம்தான் பேசிக்கொண்டிருப்பார். இப்போது அந்த நாழிகை வெண்காடனுக்குப் போய்விட்டது. தை மாதத்தில் விடங்கர் ஒரு புதிய சட்டம் எழுதினார்: 'ஆண்டில் ஓர் இரவு ஒரு கரையில் தங்கியவனும் அந்த ஆண்டு முழுவதும் அக்கரையில் இருந்தவனே. அவன் முழு ஆண்டின் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கை அக்கரைக்குச் செலுத்த வேண்டும்.' வெண்காடன் சொன்ன வேடிக்கையில் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்த அரசர், ஓலையைப் படிக்காமலே முத்திரை வைத்தார்.

பங்குனியில் வெண்காடன் வீட்டுக்கு இரண்டு ஓலைகள் வந்தன. இரண்டு கரையும் முழு ஆண்டுக்கும் வரி கேட்டன. கீழைக்கரைக்குக் கட்டாவிட்டால் அங்கே கால் வைக்கக் கூடாது. மேலைக்கரைக்குக் கட்டாவிட்டால் வீட்டைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். கையில் இருந்ததோ ஒரு கரைக்குக்கூடப் போதாது.

வரி கட்டக் கெடு வைத்த கடைசி நாள் காலையில் உலகம்மை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வெண்காடன் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"இங்கேயும் இருக்கக் கூடாது, அங்கேயும் போகக் கூடாதுன்னா, ஓடத்துலதான் குடித்தனமா?" என்றாள் அவள். "ஊரையே சிரிக்க வைக்கிறீங்க. எனக்கு நாலு நாளா சிரிப்பே வரல."

"எனக்கும்தான், உலகு."

"ஒரு ராத்திரி தங்கினாலும் வருசம் முழுக்க இருந்த கணக்காம். நல்லாயிருக்கே நியாயம்! அப்படிப் பார்த்தா ராஜாவுந்தான் நம்ம ஊர்ல தங்கினாரு. அவர்கிட்ட போய்க் கேப்பாங்களா?"

வெண்காடனின் கை நின்றது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"சாயங்காலத்துக்குள்ள நான் வரலேன்னா..."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் உலகம்மை. மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

சபை கூடியிருந்தது. வெண்காடன் உள்ளே வந்தான். அரியணையை வெறும் நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு ஆற்றுப்பக்கத்துச் சாளரத்தருகே போய், தொலைவில் தெரிந்த கீழைக்கரையை நோக்கித் தரையில் விழுந்து வணங்கினான்.

"பிரபு! தாங்கள் எப்போது திரும்பி வருவீர்கள்?" என்று ஆற்றைப் பார்த்துக் கூவினான்.

அரசரின் முகம் சிவந்தது.

"வெண்காடா! நான் இங்கே அமர்ந்திருக்கிறேன்!"

வெண்காடன் திரும்பவில்லை. "குரல் அரசருடையதுபோல் இருக்கிறது. ஆனால் சட்டப்படி அரசர் இங்கே இல்லையே."

"அரசே, இது ராஜநிந்தனை! இவன் தலை இன்னும் கழுத்தில் இருக்கலாமா?" என்று விடங்கர் துள்ளி எழுந்தார்.

அரசரின் கை வாளுக்குப் போயிற்று. "விளக்கம் சொல். தப்பினால் தலை போகும்."

"ஐப்பசியில் அரசர் கீழைக்கரையில் ஓர் இரவு தங்கினார். அமைச்சரின் சட்டப்படி இந்த ஆண்டு முழுவதும் அவர் அங்கேதான் இருந்தார். இந்த அரியணை சித்திரையிலிருந்தே காலி. நான் காலி நாற்காலியை எப்படி வணங்குவது?"

"மூடனே!" என்றார் விடங்கர். "மற்ற இரவுகளெல்லாம் அரசர் இங்கே உறங்கினாரே! அதே சட்டப்படி ஆண்டு முழுவதும் இங்கேயும் இருந்தார்!"

வெண்காடன் இப்போதுதான் திரும்பினான். நெற்றியெல்லாம் வியர்வை.

"அங்கே பன்னிரண்டு மாதமும் ஓர் அரசர். இங்கே பன்னிரண்டு மாதமும் ஓர் அரசர். அப்படியானால் இந்த நாட்டுக்கு அரசர்கள் இருவரா, அமைச்சரே? இவர்களில் உண்மையானவர் யார் என்று தாங்களே சபையில் சொல்லிவிடுங்கள்."

விடங்கர் அரசரின் வாளைப் பார்த்தார். ஒருவர் என்றால் சட்டம் பொய். இருவர் என்றால் சொன்னவன் தலை தங்காது.

"அரசர் ஒருவர்தான்..." என்று முனகினார்.

"ஒரே அரசர் ஓராண்டில் இருபத்துநான்கு மாதம் வாழ முடியாதென்றால், பிரபு, இந்த ஏழை மட்டும் எப்படி வாழ்ந்திருப்பேன்?" இரண்டு ஓலைகளையும் அரசரின் காலடியில் வைத்தான். "தாங்கள் அழைத்ததால் ஆற்றைக் கடந்தேன். இன்று பொழுது சாய்ந்தால் எனக்கு எந்தக் கரையும் இல்லை."

அரசர் ஓலைகளைப் படித்தார். தம் முத்திரை வைத்த சட்டத்தை முதல்முறையாகப் படித்தார். வாளிலிருந்து கை நழுவியது. உதடு துடித்தது. பிறகு வெடித்துச் சிரித்தார்.

"இருந்த மாதத்துக்கு இருந்த கரை! அங்கே ஏழு மாதம் ஈட்டியதற்கு அங்கே வரி, இங்கே ஐந்து மாதம் ஈட்டியதற்கு இங்கே வரி. விடங்கரே, இதைக் கீழைக்கரைச் சாவடிக்கு நீரே போய்ச் சொல்லும். இருட்டுவதற்குள் திரும்பிவிடும். அங்கே ஓர் இரவு தங்கினீரோ, உம் சட்டப்படி ஆண்டு முழுவதும் அங்கேதான்!"

சிரிப்பில் சபை அதிர்ந்தது. அரசர் பொற்கிழி ஒன்றை நீட்டினார். வெண்காடன் கையை நீட்டாமல் ஓர் அடி பின்வாங்கினான்.

"ஏன், போதாதா?"

"அதில்லை, பிரபு. இதற்கு எந்தக் கரையில் வரி?"

அரசர் மறுபடி சிரித்ததில் கிரீடம் சரிந்தது. "எந்தக் கரையிலும் இல்லை, பிடி!"

அன்று பொழுது சாய்வதற்குள் வெண்காடன் வீட்டுக்கு வந்தான். வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த உலகம்மை அவன் முகத்தைப் பார்த்தாள். இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, சோற்றுப் பானையை எடுத்து மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.