ஒற்றை அப்பளமும் நானூறு இலையும்

இதை எனக்கு முதலில் சொன்னவர் சமையற்காரர் ரங்கநாயகம். என் மூத்தவளுக்கு வளைகாப்பு நடந்த அன்று, பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

மாங்குளக்கோட்டை ராஜா அழகேந்திரருக்கு மகள் கல்யாணம். சம்பந்தி ராஜா யானைமேல் வருகிறார். நம் ராஜாவுக்கு ஒரு கிறுக்கு ஆசை.

"பாதைக்குக் கிழக்கே ஒரு பந்தல், மேற்கே ஒரு பந்தல். வகிடு எடுத்த மாதிரி ஜனங்கள் இரண்டு பக்கமும் சமமாகச் சாப்பிட உட்கார வேண்டும். நடுவில் யானை வரவேண்டும். ஆனால் 'இங்கே உட்கார்' என்று எவனும் யாருக்கும் சொல்லக்கூடாது!"

சொல்லாமல் எப்படி? ருசி எங்கேயோ அங்கே ஓடுகிற ஜனம்.

"கிட்டத்தட்டச் சமமாக உட்கார வைக்கலாம், மகாராஜா" என்றான் மந்திரி சோலையப்பன்.

"கிட்டத்தட்டவா? சோம்பேறிப் பேச்சு!" என்றார் மடைப்பள்ளி அதிகாரி திருவேங்கடம். "நூலிழை பிசகாமல் நான் வைக்கிறேன். வைத்துவிட்டால் இவன் மந்திரி பதவி எனக்கு."

"ஆகட்டும்" என்றார் ராஜா. சோலையப்பனுக்கோ அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் ஆறு வாய்.

திருவேங்கடம் பதினேழு நாள் கிண்டினார். கிழக்கே பலாப்பழப் பாயசம், மேற்கே பால் கொழுக்கட்டை. இங்கே வெல்லத்தைக் கூட்டி, அங்கே ஏலக்காயைக் குறைத்து, எதை விடுவதென்று ஜனங்களே தவிக்கும்படி செய்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒத்திகை. வெறும் இலை போட்டுக் காத்திருந்தார்கள். கிழக்கே நானூறு பேர், மேற்கே நானூறு பேர். ராஜா கை தட்டப்போனார்.

"ஒரே ஒரு அப்பளம் வைக்க உத்தரவு வேண்டும்" என்றான் சோலையப்பன்.

வைத்தான். கிழக்கே, ஓர் ஓரத்து இலையில்.

"அடேய், கிழக்கே அப்பளம் போடுறாங்கடோய்!"

அவ்வளவுதான். மேற்குப் பந்தல் முழுக்க இலையைச் சுருட்டிக்கொண்டு பாய்ந்தது. பாதை அடைபட்டது. ஒத்திகை யானை பயந்து திரும்பி ஓடியது.

"பாவி, கெடுத்துவிட்டாயே!" என்று கத்தினார் ராஜா.

"நான் வைத்தது ஓர் அப்பளம், மகாராஜா. நாளைக்குப் பாயசத்தில் ஓர் ஈ விழுந்தாலும் இதே கதிதான். இவர் கத்தி முனையில் பூசணிக்காயை நிறுத்தியிருக்கிறார். நிற்கிறது. யாரும் தும்மக்கூடாது!"

"அப்படியானால் நாளைக்கு நீ நிறுத்து. சரிந்தால் பதவி போச்சு."

மறுநாள் அதே பலகாரங்கள்தான். ஆனால் சோலையப்பன் பரிமாறுகிறவர்களிடம் ஒன்று சொல்லிவைத்தான்: "எவருக்கும் காத்திருக்காதீர்கள். உட்கார்ந்தவுடன் சோறு, உடனே குழம்பு."

ஜனங்கள் உட்கார உட்காரப் பிசைந்தார்கள். சம்பந்தி யானை உள்ளே நுழைந்தது. பார்த்தார் திருவேங்கடம். ஒரு கூடை அப்பளத்தையே கிழக்குப் பந்தலில் கொட்டினார்!

மேற்கே எட்டிப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். எழவில்லை. எச்சில் கையோடு பந்தியில் பாதியில் எழுகிற வழக்கம் எந்த ஊரில் உண்டு? யானை ஜம்மென்று நடந்து வந்தது.

"மகாராஜா, மேற்கே பதினொரு பேர் அதிகம்! இது சமமா?" என்று கத்தினார் திருவேங்கடம்.

"உண்மைதான். அந்தப் பதினொரு பேரில் ஒருவரை எழுப்பிவிடுங்கள், பதவி உமக்கே" என்றான் சோலையப்பன்.

திருவேங்கடம் ஓடிப்போய் ஓரத்தில் இருந்த செக்கு வாணியர் தோளைத் தொட்டார். அவர் நிமிரவே இல்லை.

"இன்னும் பாயசமே வரலை. யமன் வந்தாலும் வாசல்லதான் நிக்கணும். போய்யா அந்தாண்டே!"

சம்பந்தி யானைமேலிருந்தே சிரித்தார். நம் ராஜா சிரித்த சிரிப்பில் முத்துமாலை கழன்றது. அதை அப்படியே சோலையப்பன் கழுத்தில் போட்டார்.

சரி, சாரல் அடிக்கிறது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடு, கண்ணு.